பாப்பிரெட்டிப்பட்டித் தண்ணீரும் என் நாத்தனார் பல்லும்

தருமபுரி மாவட்டத்தில் இரண்டு ஊர்ப் பெயர்கள் வெளியூர்க்காரர்களைக் குழப்பும். ஒன்று பாப்பாரப்பட்டி, தியாகி சுப்பிரமணிய சிவா 1925-ல் காலமான ஊர், பென்னாகரம் பக்கம் இருக்கிறது. மற்றொன்று பாப்பிரெட்டிப்பட்டி; இது அரூர் பக்கம். என் புகுந்த ஊர் இந்த இரண்டாவது. கல்யாணமான புதிதில், "எந்த ஊரு? பாப்பாரப்பட்டியா?" என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லியே எனக்கு வாய் வலித்துப் போகும்.

எங்கள் குடித்தனம் கோயமுத்தூரில். ஆனாலும் பொங்கல், கோயில் திருவிழா, கல்யாணம், கருமாதி என்று வருஷத்துக்கு நாலைந்து முறையாவது ஊருக்குப் போய்விடுவோம். சேலத்தில் அரூர் பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டால் போதும், அந்தப் பயணமே தனி சுகம். அயோத்தியாப்பட்டணம், குப்பனூர் என்று தாண்டினால் மஞ்சவாடிக் கணவாய் வரும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை இடது கைப்பக்கம் கூடவே வரும். கணவாயைத் தாண்டியதும் காற்றே மாறிவிடும். தென்னை, பாக்கு, கரும்பு, மஞ்சள், மரவள்ளி, நடுநடுவே வெற்றிலைக் கொடிக்கால் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான பூமி. ரயிலில் வருகிறவர்கள் சென்னை - சேலம் பாதையில் பொம்மிடியில் இறங்கிப் பஸ் பிடிக்கலாம்.

ஊருக்குப் பக்கத்திலேயே ஏற்காடு மலையடிவாரத்தில் வாணியாறு அணை இருக்கிறது. முழுக் கொள்ளளவு 65 அடிக்குச் சற்று மேல். மலையில் நல்ல மழை பெய்தால் அணை நிரம்பி வழியும். அன்றைக்கு ஊரே வேடிக்கை பார்க்கப் போய்விடும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள், "இவ்வளவு பச்சையாக இருக்கிறதே, உங்களுக்கென்ன தண்ணீர்க் கஷ்டம்?" என்றுதான் கேட்பார்கள்.

கஷ்டம் தண்ணீரின் அளவில் மட்டுமில்லை, அதன் குணத்தில் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. வாய் திறந்து சிரித்தால்தான் தெரியும்.

எங்கள் மாமியார் வீட்டில் பழைய போட்டோ ஆல்பம் ஒன்று உண்டு. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் அதில் இருக்கும். புரட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். பெரியவர்கள் யாருமே பல் தெரியச் சிரித்திருக்க மாட்டார்கள். ஆண்கள் உதட்டை இறுக்கியிருப்பார்கள். பெண்கள் முந்தானை நுனியை வாயருகே பிடித்திருப்பார்கள். முதலில் நான் இதைக் கூச்சம் என்று நினைத்தேன். பிறகுதான் என் கணவர், "பல்லுல கறைம்மா. எங்க ஜில்லாத் தண்ணி அப்படி" என்று சொன்னார்.

தருமபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு அதிகம். இங்கே பூமிக்கடியில் கடினமான பாறை. அந்தப் பாறையின் இடுக்குகளில் தண்ணீர் நெடுநாள் தங்கும்போது பாறையிலுள்ள ஃப்ளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. ஒரு கிணற்றில் குறைவாகவும் பக்கத்துத் தோட்டத்துப் போரில் கூடுதலாகவும் இருக்கும். நிறமில்லை, வாசனையில்லை, ருசியிலும் வித்தியாசம் தெரியாது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. நம் நாட்டுத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கிறது.

இந்தக் கறையின் காரணத்தைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. 1901-ல் அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் புதிதாக வந்த மெக்கே என்ற பல் டாக்டர், உள்ளூர்க்காரர்கள் பலருடைய பற்களில் பழுப்புக் கறையைப் பார்த்து அதிசயப்பட்டார். காரணம் தண்ணீர்தான் என்று சந்தேகித்து முப்பது வருஷம் அலைந்தார். கடைசியில் 1931-ல் சர்ச்சில் என்ற ரசாயன நிபுணர் தண்ணீரைச் சோதித்து, அதில் ஃப்ளோரைடு அதிகமிருப்பதைக் கண்டுபிடித்தார். நம் பக்கத்தில் 1937-ல், அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில், பல்லை மட்டுமல்லாமல் எலும்பையும் முடக்கும் ஃப்ளோரைடு நோய் பரவியிருப்பதை டாக்டர்கள் எழுதி வைத்தார்கள்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இதில் உண்டு. இந்தக் கறை வெளியிலிருந்து ஒட்டுவதல்ல. எனவே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. குழந்தையின் நிரந்தரப் பற்கள் ஈறுக்குள்ளே உருவாகிக் கொண்டிருக்கும்போதே, அதாவது பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயது வரை, குடிக்கும் தண்ணீரிலிருந்து ஃப்ளோரைடு அளவுக்கு மீறிப் போனால் எனாமல் சரியாக இறுகாமல் போய்விடுகிறது. லேசாக இருந்தால் வெள்ளைக் கோடுகள், கூடினால் பழுப்புத் திட்டுகள், மிகவும் கூடினால் குழி குழியாகி ஓரம் பெயரும். ஆறேழு வயதில் பல் முளைக்கும்போதே கறையோடுதான் வெளியே வரும். பல் முழுதாக வளர்ந்த பிறகு அதே தண்ணீரைக் குடிக்க வந்த என்னைப் போன்ற மருமகள்களின் பல்லில் கறை ஏறாததன் ரகசியம் இதுதான்.

என் நாத்தனார் இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரிலேயே அத்தை மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள். என் கணவருக்கு நேர் இளையவள். அவள் பல்லில் பழுப்புத் திட்டும் குழியும் அதிகம். நாற்பது வயதுக்குள் கடைவாய்ப் பல் நாலைந்தை எடுத்தாகிவிட்டது. முன்பற்களின் ஓரம் பெயர்ந்து போயிருந்தது. போதாக்குறைக்குச் சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. பெரியவள் கல்யாணம் நிச்சயமானதும், "இந்தக் கல்யாண போட்டோவிலயாவது நான் சிரிக்கணும் அண்ணி" என்றாள். கேட்டபோது எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது.

ஒரு டவுனில் ஒரு கிளினிக்கில் போய்க் கேட்டார்கள். "பத்தே நாளில் வாய் முழுக்கப் புதுப் பல்" என்றார்களாம். இருந்த பற்கள் இருபத்திரண்டையும் ராவி, மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை என்று ஒன்றோடொன்று ஒட்டிய பீங்கான் கேப் போட்டுவிட்டார்கள். இரண்டு கறவை மாடு விற்ற பணமும் ஒரு செயினும் அதற்குப் போயின. கல்யாண போட்டோவில் அவள் நன்றாகத்தான் சிரித்திருந்தாள். முத்துப் போன்ற வரிசை.

நாலு வருஷம் ஆகவில்லை. முதலில் வாய் நாற்றம். பிறகு ஈறில் ரத்தம், வீக்கம். காலையில் எழுந்தால் காதோரத்திலும் பொட்டிலும் வலி. ஒரு நாள் ஒரு பீங்கான் சில்லு சோற்றோடு பெயர்ந்து வந்தது. கடைசியில் மேல் வரிசையே ஆட ஆரம்பித்தது. "சோத்துல பருப்பு கூட மெல்ல முடியல அண்ணி. ரசஞ்சோறுதான் கதி" என்று போனில் அழுதாள். கிளினிக்கில் கேட்டதற்கு, கழன்ற இடத்தில் சிமெண்ட் வைத்து ஒட்டி இரண்டு முறை அனுப்பினார்களாம். மூன்றாவது முறை போனபோது கடையே வேறு இடம் மாறியிருந்தது.

அதன் பிறகுதான் சேலத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் வீட்டுக்காரருக்குத் தோட்ட வேலை, பெண்களுக்குக் குழந்தை குட்டி. துணைக்கு வர ஆளில்லை என்று நான் ஊருக்கு வந்து தங்கித் தங்கிக் கூடப் போனேன். பத்து மாதத்தில் அந்த மஞ்சவாடிக் கணவாயை எத்தனை முறை கடந்தோம் என்று கணக்கில்லை. கோடையில் காய்ந்து கிடந்த மலை, ஆடி மாதக் காற்று, ஐப்பசியில் மேகம் இறங்கிப் பச்சையாகி நின்ற மலை, எல்லாவற்றையும் ஒரே பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

முதல் தடவை போனபோது அவர்கள் பல்லைத் தொடவேயில்லை. என் நாத்தனாருக்கு ஏமாற்றம். முழு வாய்க்கும் ஒரு எக்ஸ்ரே, பிறகு ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனி எக்ஸ்ரே, மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் அச்சு, போட்டோ, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி தெரியும் ரத்தப் பரிசோதனை என்று அன்றைய பொழுது போயிற்று. பழைய சிகிச்சையின் ரிக்கார்டு கேட்டார்கள். எங்களிடம் இருந்தது பணம் கட்டிய ரசீது மட்டும்.

பெரிய டாக்டரம்மா நிதானமானவர். "ஏன்ம்மா, சீக்கிரம் மாத்திக் கொடுங்கன்னு கேக்கறீங்க. வீடு இடிஞ்சா சுவரை மட்டும் பாத்தாப் போதுமா? கடைக்காலைப் பாக்க வேண்டாமா? முதல் தடவை ஏன் கெட்டுப் போச்சுன்னு தெரியாம ரெண்டாவது போட்டா, அதுவும் அதே வழியிலதான் போகும்" என்றார். கட்டடம் கட்டுகிற மேஸ்திரி சொல்வது போல் இருந்தது. எனக்கு உடனே அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். கேப்பின் விளிம்பு ஈறோடு படியாமல் தூக்கி நின்றதால் இடைவெளியில் உணவு புகுந்து உள்ளே சொத்தை விழுந்திருந்தது. எல்லாப் பல்லையும் ஒரே துண்டாகச் சேர்த்திருந்ததால் ஒரு பல் கெட்டாலும் வெளியே தெரியவில்லை. நடுவில் சுத்தம் செய்யவும் வழியில்லை. ஈறு நோய் ஏற்கெனவே இருந்தது. அதை ஆற்றாமலே மேலே மூடிவிட்டார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாததால் அது எலும்பையும் அரித்துவிட்டது. மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேரும் உயரம் சரியில்லாததால் ராத்திரியெல்லாம் பல்லைக் கடித்திருக்கிறாள். தாடை வலிக்கும் பீங்கான் உடைந்ததற்கும் அதுதான் காரணம்.

அடுத்த சில தடவைகள் பழைய கேப்புகளைக் கழற்றுவதிலேயே போயின. அவற்றை இழுத்துப் பிடுங்கக் கூடாதாம். உள்ளே இருக்கும் பல் முறிந்துவிடும். ஒவ்வொன்றாகக் கீறிப் பிளந்து எடுத்தார்கள். எடுத்த பிறகு கணக்குப் பார்த்தால், இருபத்திரண்டில் ஆறு பற்களைக் காப்பாற்ற வழியில்லை. ஐந்து பற்களுக்கு வேர் சிகிச்சையை மறுபடி செய்ய வேண்டும். பதினொன்று தேறின. "பதினொண்ணாவது இருக்கே" என்று என் நாத்தனார் சொன்னபோது, பரீட்சை ரிசல்ட் பார்த்து வந்த பிள்ளை போல இருந்தாள்.

ஆறு பல்லையும் உடனே எடுக்கவில்லை. சர்க்கரை இறங்கட்டும் என்று காத்திருந்து, இரண்டு மூன்றாக எடுத்தார்கள். ஈறை ஆழமாகச் சுத்தம் செய்தார்கள். பிறகு தற்காலிகமாகப் பிளாஸ்டிக் பல் வைத்தார்கள். சுமார் மூன்று மாதம் அதோடுதான் இருக்க வேண்டும் என்றதும் இவள் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் முக்கியமான கட்டமே அதுதான் என்று பின்னால் புரிந்தது. நாடகத்துக்கு ஒத்திகை மாதிரி. சாப்பிட வருகிறதா, பேச்சில் 'ச', 'த' தடுமாறுகிறதா, காதோர வலி குறைகிறதா, கன்னம் ஒட்டிப்போகாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டு, மில்லிமீட்டர் கணக்கில் தேய்த்துச் சரிசெய்தார்கள். காலை நேரத்து வலி போய்விட்டது என்று அவள் சொன்ன பிறகுதான் நிரந்தரப் பல்லுக்கே அளவெடுத்தார்கள்.

பல் எடுத்த இடங்களுக்கு வழிகள் சொன்னார்கள். எலும்பில் டைட்டானியம் திருகு பதித்து அதன் மேல் பல் வைக்கும் இம்ப்ளாண்ட் ஒன்று. ஸ்வீடன் நாட்டு பிரானெமார்க் என்ற டாக்டர் 1965-ல் முதல் நோயாளிக்குச் செய்து காட்டிய முறையாம். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டிக்கொள்ளும் என்பதைக் கண்டவர் அவர்தான். ஆனால் எலும்பு போதுமானதாக இருக்க வேண்டும், சர்க்கரை அடங்க வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். செலவும் அதிகம். இன்னொரு வழி, கழற்றி மாட்டும் பல் செட். அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம் என்றார் டாக்டரம்மா. எங்கள் கையிருப்பைச் சொன்னோம். கீழே ஒரு பக்கம் இரண்டு இம்ப்ளாண்ட், மேலே கழற்றி மாட்டும் சிறிய செட், மீதிப் பற்களுக்குத் தனித்தனிக் கேப்பும் சிறு பிரிட்ஜும் என்று முடிவாயிற்று. மாட்டிய புதிதில் கேப்புகளைத் தற்காலிக சிமெண்டில்தான் ஒட்டினார்கள். இரண்டு வாரம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக ஒட்டினார்கள். ராத்திரியில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் உறையும் கொடுத்தார்கள்.

இந்தப் பத்து மாதமும் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பீர்கள். இந்த விஷயத்தில் பாப்பிரெட்டிப்பட்டி கைகொடுத்தது. இந்தப் பக்கம் கேழ்வரகுக் களிதான் பழைய சாப்பாடு. மெல்லவே வேண்டாம், உருட்டிக் குழம்பில் தொட்டு விழுங்கினால் போதும். கீரைக் கடைசல், குழைய வேக வைத்து மசித்த அவரைக்கொட்டைக் குழம்பு, மோர், இட்லி, அரைவேக்காடு இல்லாத மெத்தென்ற முட்டைப் பொரியல், மசித்த மரவள்ளிக்கிழங்கு எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுத்தோம். சர்க்கரைக்காரி என்பதால் களியும் கிழங்கும் அளவோடுதான். கிழங்கு செய்கிற அன்றைக்குக் களி கிடையாது. பல் எடுத்த நாளில் எல்லாமே ஆறிப்போய்த்தான். சூடும் காரமும் கூடாது. உறிஞ்சிக் குடிக்கவும் கூடாது; எடுத்த இடத்தில் உறைந்த ரத்தம் கிளம்பிவிடும். கொடிக்கால் பூமியாயிற்றே, வெற்றிலை பாக்கை விடுவதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. கொட்டைப்பாக்கு பல்லை உடைக்கும், ஈறையும் வாயின் உள்தோலையும் கெடுக்கும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து வந்து கேட்டார்கள். கறைப்பல் உள்ள கல்யாண வயசுப் பெண்கள் இரண்டு பேர், "நாங்களும் கேப் போட்டுக்கலாமா அத்தை?" என்றார்கள். அவர்களுக்காகவே டாக்டரம்மாவிடம் கேட்டு வந்தேன். அவர் சொன்னது இது. வெறும் கறை நோயல்ல. பல் கெட்டியாக இருந்தால் அதை ராவவே கூடாது. ஒருமுறை ராவிய எனாமல் திரும்ப வளராது. கேப் போட்ட பல்லுக்கு ஆயுசு முழுக்கப் பராமரிப்பு. பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்ற வேண்டியும் வரலாம். லேசான கறைக்கு மேற்பரப்பை மட்டும் மெல்ல மெருகேற்றுவது, வெளுப்பது, பல் நிறப் பசை பூசுவது என்று படிப்படியான வழிகள் இருக்கின்றன. சின்னதில் முடிந்தால் பெரியதுக்குப் போகாதீர்கள் என்றார். அந்தப் பெண்களில் ஒருத்திக்கு மெருகேற்றியதிலேயே பாதிக்கு மேல் மறைந்துவிட்டது.

வாய் முழுக்கப் பல் கட்டிக்கொள்ளவோ, கட்டியது கெட்டு மறுபடி செய்துகொள்ளவோ போகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அதை அப்படியே இங்கே தருகிறேன்.

1. பார்ப்பவர் பதிவு பெற்ற பல் டாக்டர்தானா? பல் கட்டுவதில் தனிப் படிப்புப் படித்தவரா? பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை.

2. முதலில் போட்டது ஏன் கெட்டது? இதற்குப் பதில் சொல்லாமல் வேலையைத் தொடங்குகிறவரிடம் அவசரப்பட வேண்டாம். இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள்.

3. எந்தப் பல் நிற்கும், எது நிற்காது, எது சந்தேகம்? எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள்.

4. தற்காலிகப் பல் எத்தனை நாள்? ஒரே வாரத்தில் வாய் முழுக்க முடித்துத் தருகிறேன் என்றால், ஒத்திகைக்கு நேரம் எங்கே என்று கேளுங்கள்.

5. மொத்தச் செலவு எவ்வளவு? எந்தக் கட்டத்தில் எவ்வளவு கட்ட வேண்டும்? நடுவில் ஒரு பல் கெட்டால் யார் பொறுப்பு? எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

6. எக்ஸ்ரே, என்ன பொருளில் கேப், இம்ப்ளாண்ட் எந்த வகை என்ற விவரம் எல்லாம் உங்கள் கையில் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு வைக்கிற பையிலேயே போட்டு வையுங்கள்.

போட்ட பிறகு வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. காலையும் ராத்திரியும் மெதுவான பிரஷ்ஷால் கேப்பும் ஈறும் சேரும் இடத்தைத் தேய்க்க வேண்டும். பிரிட்ஜின் அடியில் நுழைய மெல்லிய பிரஷ் தனியாகக் கிடைக்கிறது. கழற்றும் செட்டை ராத்திரியில் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கோணிவிடும். கரும்பை முன்பல்லால் உரிப்பது, சோடா மூடி கடித்துத் திறப்பது எல்லாம் இனி கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காட்டிவிட வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் சர்க்கரையைக் கவனிப்பதே பல்லைக் கவனிப்பதுதான்.

இவ்வளவும் வந்த பிறகு செய்கிற வைத்தியம். வராமல் தடுக்கிற வைத்தியம் தண்ணீர்ப் பானையில் இருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் கொண்டு வரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் கட்டி, 2013 மே மாதம் தொடங்கி வைத்தார்கள். ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே சேர்ந்திருக்கிறது. எதற்காக வந்த தண்ணீர் என்பதை வீட்டுப் பெண்கள் மறந்துவிடக் கூடாது. குழாயில் ஒரு நாள் தண்ணீர் வராவிட்டால், "போர் தண்ணி தெளிவாத்தானே இருக்கு" என்று குழந்தைக்கும் அதையே மொண்டு கொடுக்கிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. துணி துவைக்க, மாடு கழுவ, பாத்திரம் தேய்க்கப் போர் தண்ணீர் தாராளமாகப் போதும். குடிக்கவும், உலை வைக்கவும், பால் பவுடர் கரைக்கவும் காவிரித் தண்ணீரையே பிடித்து வையுங்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. சுண்டச் சுண்டக் காய்ச்சினால் அதன் அளவு கூடத்தான் செய்யும். சாதாரண வடிகட்டியிலும் போகாது. ஆர்.ஓ. மெஷினில் பெரும்பகுதி போகும். உங்கள் கிணறோ போரோ எப்படி என்று தெரியாவிட்டால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம். குழந்தைக்கு ராகி, பால், மோர், முருங்கைக்கீரை என்று சுண்ணாம்புச் சத்தும், நெல்லிக்காய், கொய்யா என்று வைட்டமின் சி சத்தும் குறைவில்லாமல் கொடுங்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கட்டன் தேநீர் வேண்டாம். தேயிலையிலும் ஃப்ளோரைடு உண்டு. பற்பசையைப் பொறுத்தவரை, மூன்று வயது வரை ஓர் அரிசியளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். கறைக்குப் பயந்து பல் தேய்ப்பதை விட்டுவிட்டால் சொத்தை வந்துவிடும், ஜாக்கிரதை.

என் நாத்தனாரின் இளைய பெண் இப்போது பிள்ளைத்தாய்ச்சி. பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். போன தடவை நான் ஊருக்குப் போனபோது, சுத்தமான பாட்டிலில் தோட்டத்துப் போர் தண்ணீரைப் பிடித்துத் தருமபுரிக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அனுப்பச் சொன்னது என் நாத்தனார்தான். அளவு 1.5-ஐத் தாண்டியிருந்தது. அந்தக் காகிதத்தை அடுப்படிச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள். குடிதண்ணீருக்கு இரண்டு எவர்சில்வர் குடம் தனி. யாராவது தெரியாமல் போர் தண்ணீரை அதில் ஊற்றினால் அன்றைக்கு வீட்டில் பெரிய ரகளைதான்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் போகிறவர்கள் மழைக்காலம் முடிந்து போனால் நல்லது. மஞ்சவாடிக் கணவாய் பச்சைப் பசேலென்று இருக்கும். வாணியாற்றிலும் தண்ணீர் நிற்கும். உறவுக்காரர் வீடு இருந்தால் களியும் கீரைக் கடைசலும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். அந்த வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், அதன் கையில் பிஸ்கட் பாக்கெட் கொடுப்பதற்கு முன்னால் அதன் அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "குழந்தைக்கு எந்தத் தண்ணிம்மா கொடுக்கறே?"